சம்பளமில்லா வேலைக்கும் கணக்கு வேண்டும்

அமைப்புகளிலிருந்து விலகுகிறவர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று சொந்த வேலை, இன்னொன்று உடல்நிலை. நாமும் "உடம்பைப் பார்த்துக்குங்க தோழர்" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். கொஞ்ச காலம் கழித்து அந்த அடுத்த ஆளும் அதே இரண்டில் ஒன்றை எழுதுகிறார். அப்போதும் நமக்கு அது தனித்தனி மனிதர்களின் கதையாகத்தான் தெரிகிறது.

ஒரே நாற்காலியில் உட்காருகிற எல்லோருக்கும் முதுகு வலித்தால் முதலில் நாற்காலியைத்தான் பார்க்க வேண்டும். இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது நம் ஊர் அமைப்பு அல்ல. அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டு, பல நாட்டு ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் 'ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ்' என்ற லாபநோக்கற்ற அமைப்பு. இந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் அது நடத்தும் தளம் தெரிந்திருக்கும்: 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்', சுருக்கமாக ஏஓ3. ஹாரி பாட்டரிலிருந்து பிடிஎஸ் வரை, தமக்குப் பிடித்த கதைகளையும் மனிதர்களையும் வைத்து ரசிகர்கள் எழுதிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருக்கின்றன. நம்மவர்கள் எழுதிய பொன்னியின் செல்வன் கதைகளும் உண்டு. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. நானும் அதன் வாசகி.

இந்த அமைப்பை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. ஓர் அமைப்பில் ஆட்கள் ஓய்ந்துபோனால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. காசில்லை, அடக்குமுறை, தலைவர் சர்வாதிகாரி, ஆண்கள் மட்டும் முடிவெடுக்கிறார்கள். இவை எதுவும் அங்கே பெரிதாகப் பொருந்தாது. பெரும்பாலும் பெண்களும் பால்புதுமையினரும் உருவாக்கி நடத்தும் அமைப்பு அது. ஆண்டுக்கு இரண்டு முறை நிதி கேட்பார்கள். கேட்டதைவிட அதிகமாகவே சேரும். நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் உண்டு. பத்து டாலர் நன்கொடை கொடுத்தால் வாக்களிக்கலாம். இத்தனை இருந்தும் அங்கே ஆட்கள் சோர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

அறை கிடைத்தது, பணம்?

2007ஆம் ஆண்டு. ரசிகர்கள் எழுதும் கதைகளை வைத்துக் காசு பார்க்க ஃபேன்லிப் என்ற வணிக நிறுவனம் களமிறங்கியது. எழுதுகிறவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. வழக்கு வந்தால் சுமை மட்டும் அவர்கள் தலையில். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் லைவ்ஜர்னல் நிறுவனம் நூற்றுக்கணக்கான கணக்குகளை முன்னறிவிப்பின்றி முடக்கியது. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசிக்கொள்ளும் குழுக்களும் அதில் அகப்பட்டன. அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் குடியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பி அனுப்புவான் என்று ரசிகர்கள் புரிந்துகொண்ட நேரம் அது. சர்வர் நம்முடையதாக இருக்க வேண்டும், நிர்வாகம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற முடிவோடு அந்த ஆண்டே அமைப்பைத் தொடங்கினார்கள். நாவலாசிரியர் நவோமி நோவிக் தொடக்கத்திலிருந்தே அதில் இருந்தவர். 2009 நவம்பரில் தளம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019இல் அறிவியல் புனைவுலகின் பெரிய விருதான ஹியூகோ விருதையும் பெற்றது. விருதை வாங்க மேடையேறிய நோவிக், இந்தத் தளத்தில் தமக்குப் பங்கிருப்பதாக நினைக்கும் அரங்கினர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். கூட்டு உழைப்பின் பெருமையை அதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

தளத்தின் பெயர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலிலிருந்து வந்தது. அந்த நூலின் வாதத்தில் அறை பாதிதான். பெண் எழுத வேண்டுமானால் அவளுக்கென்று ஓர் அறையும் வேண்டும், ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருமானமும் வேண்டும் என்று தொகையோடு எழுதியவர் வுல்ஃப். ரசிகர்கள் அறையை எடுத்துக்கொண்டார்கள். வருமானத்தை விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காசு வாங்காமல் எழுதுவதும் பகிர்வதும் அவர்களது பண்பாட்டின் அடிப்படை. காப்புரிமை வழக்குகளிலிருந்து காத்துக்கொள்ளவும் அது உதவுகிறது.

எழுதுவதற்குப் பொருந்துகிற அந்த விதியை நிர்வாகத்துக்கும் நீட்டியபோதுதான் சிக்கல் தொடங்கியது. கதை எழுதுவது விருப்பம். இன்று வராவிட்டால் அடுத்த மாதம் எழுதலாம். சர்வர் படுத்துவிட்டால் அப்படி விட முடியாது. 2023 ஜூலையில் தளத்தின் மீது பெரும் சைபர் தாக்குதல் நடந்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான வாசகர்கள் எப்போது திரும்ப வரும் என்று கேட்டுக்கொண்டிருக்க, தளத்தை மீட்கத் தூக்கம் கெட்டு உழைத்தது தன்னார்வலர்கள். சில தொழில்நுட்ப வேலைகளுக்கு ஒப்பந்தக்காரர்களை அமர்த்தியது உண்டு. அன்றாட வேலையைச் சுமப்பது தன்னார்வலர்கள்தான். வாசகர்கள் போடும் டேக்குகளை ஒழுங்குபடுத்துவதற்கு மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். ஒரே பாத்திரத்தின் பெயரை நூறு பேர் நூறு விதமாக எழுதினாலும் தேடும்போது எல்லாம் ஒன்றாக வருகிறதே, அதைக் கணினி தானாகச் செய்யவில்லை. யாரோ ஒருவர் ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்து செய்கிறார்.

பர்ன்அவுட் என்ற சொல் பிறந்த இடம்

இந்தச் சோர்வுக்கு நாம் இன்று பயன்படுத்தும் 'பர்ன்அவுட்' என்ற சொல் எங்கிருந்து பரவியது தெரியுமா? ஐ.டி. கம்பெனியிலிருந்து இல்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்கும் போதைப்பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களுக்கும் இலவச சிகிச்சை தந்த ஒரு கிளினிக்கிலிருந்து. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் அங்கே தன்னார்வலராக வேலை செய்தார். தன்னோடு வேலை செய்தவர்கள் சில மாதங்களில் ஓய்ந்து, எரிச்சலடைந்து, நோயாளிகள் மீதே கசப்புக் கொள்வதைக் கவனித்தார். தானும் அப்படி ஆனார். 1974இல் அதைக் கட்டுரையாக எழுதினார். யார் இதில் அதிகம் அகப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை முக்கியமானது: அரைமனதோடு வருகிறவர்கள் இல்லை, கொள்கைப் பிடிப்போடு வருகிறவர்கள்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் பர்ன்அவுட்டை விளக்கியது. அது நோய் அல்ல, பணியிடத்தில் நீண்டகாலமாகத் தீர்க்கப்படாத அழுத்தத்தின் விளைவு என்றது. தன்னார்வ அமைப்பு தன்னைப் பணியிடமாகவே நினைப்பதில்லை. "இது வேலையா? விரும்பித்தானே வந்தோம்?" என்று கேட்கும். பணியிடம் இல்லையென்றால் வேலை நேரம் இல்லை. வேலை நேரம் இல்லையென்றால் ஓய்வு நேரமும் இல்லை. விடுப்பு கேட்க ஆள் இல்லை. சோர்ந்து போனவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டும்: 'எனக்குத்தான் பற்று குறைந்துவிட்டதோ?'

2015இல் நடந்தது

ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு, மூன்றாண்டுப் பதவிக்காலம். காகிதத்தில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில் பதவிக்காலம் முடியும் முன்பே விலகியவர்கள் பலர். 2015இல் அது வெடித்தது. நிதித் திட்டம் எங்கே, கையிருப்பை என்ன செய்யப் போகிறீர்கள், தன்னார்வலர்களோடு ஏன் பேசுவதில்லை என்ற கேள்விகள் தேர்தலில் எழுந்தன. உறுப்பினர்கள் மாற்றம் வேண்டும் என்று வாக்களித்து இரண்டு புதியவர்களை அனுப்பினார்கள். தேர்தல் முடிந்து சில நாட்களில் குழுவில் மீதமிருந்த பழையவர்கள் அனைவரும் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகுவதாக அறிவித்தார்கள். புதிதாக வந்தவர்கள் கையில் முழு அமைப்பும் வந்து விழுந்தது.

பழையவர்கள் கெட்டவர்கள், புதியவர்கள் நல்லவர்கள் என்று கதை சொல்வது எளிது. எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தப் பழையவர்களும் சம்பளம் வாங்காமல் வருடக்கணக்கில் உழைத்தவர்கள்தான். அதனால்தான் கேள்வி கேட்டவர்கள் அவர்களுக்கு நன்றி கெட்டவர்களாகத் தெரிந்திருப்பார்கள். சம்பளம் வாங்குகிற நிர்வாகியிடம் கணக்குக் கேட்டால் அது அவர் வேலையின் பகுதி. உயிரைக் கொடுத்து உழைக்கிறேன் என்று நினைப்பவரிடம் கணக்குக் கேட்டால் அது அவமானம். தியாகம் எங்கே நாணயமாகப் புழங்குகிறதோ அங்கே யார் அதிகம் இழந்தார்களோ அவர்களுக்கே அதிகாரம் என்றாகிவிடும். அப்புறம் சோர்ந்தவர் ஓய்வெடுக்கவும் மாட்டார். ஓய்வெடுத்தால் பேசும் உரிமை போய்விடும்.

அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தில் இயங்கிய ஜோ ஃப்ரீமன் இதை 1970களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். 'தி டிரனி ஆஃப் ஸ்ட்ரக்சர்லெஸ்னஸ்' என்ற அவரது கட்டுரையின் சாரம் இதுதான்: எங்களிடம் தலைவர் இல்லை, அமைப்பு விதி இல்லை என்று சொல்லும் குழுக்களிலும் அதிகாரம் இருக்கும், எழுதப்படாத அதிகாரம் நட்பு வட்டங்களுக்குள் ஒளிந்துகொள்ளும், எழுதப்படாததால் அதைக் கேள்வி கேட்கவும் முடியாது. ரசிகர் அமைப்பில் எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. ஆனால் யாரிடம் சொன்னால் வேலை நடக்கும், யாரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற எழுதப்படாத விதிகளும் கூடவே வளர்ந்தன. பத்தாண்டு நட்புக்குள் ஒரு புகாரைக் கொண்டுபோவது காவல் நிலையத்துக்குள் கொண்டுபோவதைவிடக் கடினம்.

சோர்வு எல்லோருக்கும் சமமாக வருவதில்லை

இதுவரை சொன்னது எல்லாத் தன்னார்வலர்களுக்கும் பொது. இனி சொல்வது நமக்கு நன்றாகப் புரியும்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமே இனவெறி பற்றிப் பேசியபோது, இந்த அமைப்பின் நிர்வாகமும் அறிக்கை வெளியிட்டது. தளத்தில் நடக்கும் இனவெறித் துன்புறுத்தலைத் தடுக்க வழி செய்வோம் என்று வாக்குறுதிகள் தந்தது. துன்புறுத்துகிறவர்களைத் தடுக்கும் வசதி போன்ற சில தொழில்நுட்ப மாற்றங்கள் பின்னர் வரவும் செய்தன. ஆனால் பன்மைத்துவம் குறித்து ஆலோசனை சொல்ல ஒரு நிபுணரை அமர்த்துவது போன்றவை மூன்றாண்டுகள் கழித்தும் நடக்கவில்லை. 2023 மே மாதம் 'எண்ட் ஓடிடபிள்யூ ரேசிசம்' என்ற பெயரில் ரசிகர்களே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தங்கள் படைப்புகளின் தலைப்பையும் தங்கள் பெயரையும் போராட்ட முழக்கமாக மாற்றினார்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதை எப்போது செய்வீர்கள் என்று தேதிதான் கேட்டார்கள்.

ஏன் செய்யவில்லை என்றால் வழக்கமான பதில், "எங்களுக்கும் ஆசைதான், ஆள் இல்லை, நேரம் இல்லை, எல்லோரும் சோர்ந்திருக்கிறோம்" என்பதாக இருக்கும். அது பொய்யும் இல்லை. ஆனால் கவனியுங்கள்: ஆள் இல்லாதபோது எந்த வேலை நிற்கிறது? தளம் நிற்கவில்லை. நிதி திரட்டல் நிற்கவில்லை. நின்றது இனவெறியைப் பற்றிய வேலை. பற்றாக்குறை வரும்போது எதை முதலில் கைவிடுகிறோம் என்பதில்தான் ஓர் அமைப்பின் உண்மையான கொள்கை தெரியும்.

இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. கறுப்பினத் தன்னார்வலரும் ஆசியத் தன்னார்வலரும் மற்றவர்கள் செய்யும் அதே வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு மேல், இது இனவெறி என்று எடுத்துச் சொல்ல வேண்டும், சொன்னதற்கு ஆதாரம் தர வேண்டும், கேட்பவர் மனம் புண்படாமல் பக்குவமாகச் சொல்ல வேண்டும், கடைசியில் 'பிரச்சினை பண்ணுகிறவர்' என்ற பெயரையும் வாங்க வேண்டும். இந்த இரண்டாவது வேலை எந்தப் பொறுப்புப் பட்டியலிலும் இருக்காது. அதைச் செய்கிறவர் முதலில் ஓய்ந்துபோவார். அவர் போனதும் கூட்டங்கள் அமைதியாகும். அந்த அமைதியைப் பார்த்து அமைப்பு தன் உள்மோதல் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவரைப் பிரிப்பது வேறு என்பதை அம்பேத்கரை வாசித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இலவச உழைப்பிலும் மேல்படி, கீழ்படி உண்டு. முடிவெடுப்பது, மேடையேறுவது மேல்படி. குப்பையை அள்ளுவது கீழ்படி.

இணையத்தில் குப்பை என்பது என்ன தெரியுமா? 2022இல் இந்த அமைப்பின் தன்னார்வலர்களின் மின்னஞ்சல்களுக்கு யாரோ குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களை அனுப்பினார்கள். மிரட்டல்களும் வந்தன. புகார்களைப் படித்துப் பதில் சொல்ல வந்த, எந்தப் பயிற்சியும் சம்பளமும் இல்லாத மனிதர்கள் அதைத் திறந்து பார்க்க நேர்ந்தது. அந்த நேரத்தில் அமைப்பு தங்களுக்குப் போதிய துணை நிற்கவில்லை என்று தன்னார்வலர்கள் சிலர் 2023இல் வெளிப்படையாகப் பேசினார்கள். லட்சக்கணக்கான டாலர் கையிருப்பு உள்ள அமைப்பில் இந்தக் குரல் எழுந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. பணம் இருப்பது மட்டும் போதாது. ஆட்களின் மனநிலையும் செலவுக் கணக்கில் வர வேண்டிய ஒன்று என்று நினைக்கப் பழகியிருக்க வேண்டும்.

'என்ஜிஓ ஆகிவிடாதா?'

இதைப் படிக்கும் தோழர்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். சம்பளம், விடுப்பு, ஆலோசகர் என்று போனால் அமைப்பு என்ஜிஓ ஆகிவிடாதா? நிதி கொடுப்பவன் சொல்வதைக் கேட்கும் நிலை வராதா? நியாயமான பயம். ரசிகர் அமைப்பிலும் இதே பயம் உண்டு. சம்பளம் வாங்கும் நிர்வாகி வந்தால் தளம் மெல்ல மெல்ல கம்பெனியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அங்கே ஏராளம். 2007இல் பட்டதை அவர்கள் மறக்கவில்லை.

நான் எதிர்க்கேள்வி ஒன்று கேட்கிறேன். சம்பளமே இல்லாத அமைப்பில் நீண்ட நாள் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்? வேறு வருமானம் உள்ளவரால். வீட்டில் சோறு ஆக்கிப் போட ஆள் உள்ளவரால். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்காதவரால். ஆக, காசு வேண்டாம் என்ற விதி காசுள்ளவர்களிடம்தான் அமைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எல்லா வேலைக்கும் சம்பளம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க முடியாத அமைப்புகளே அதிகம். சம்பளம் கொடுக்காவிட்டாலும் கணக்கு வைக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

கணக்கு என்றால் இவை. ஒவ்வொரு பொறுப்புக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு வேலை ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. இரண்டு பேருக்காவது தெரிந்திருந்தால்தான் ஒருவர் குற்ற உணர்வில்லாமல் ஒரு மாதம் ஒதுங்க முடியும். பொறுப்புக்குக் காலக்கெடு வேண்டும், முடிந்ததும் கட்டாய இடைவெளி வேண்டும். நிறுவியவர்களுக்கும் இது பொருந்த வேண்டும். வன்முறைப் படங்களைப் பார்ப்பது, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களைக் கேட்பது போன்ற வேலைகளை ஆர்வத்தை நம்பி யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. சுழற்சி முறை வேண்டும், பயிற்சி வேண்டும், ஆலோசனைக்கான செலவை அமைப்பு ஏற்க வேண்டும். வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவில் போய்வரும் இளைஞர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அறிக்கை வந்த பிறகு அவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

பாகுபாட்டைச் சுட்டிக்காட்டுவதும் வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, ஒரு தொகை இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வாக்குறுதி வெறும் அறிக்கை. புகாரைக் கேட்பவர் புகாருக்கு உள்ளானவரின் நண்பராக இருக்கக் கூடாது. விலகுகிறவரிடம், தலைமையில் இல்லாத ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை பேர் விலகினார்கள், என்ன காரணங்கள் சொன்னார்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். வரவு செலவு வாசிக்கிற கூட்டத்திலேயே இதையும் வாசிக்கலாம். நன்கொடை குறைந்தால் பதறுகிற நாம் ஆள் குறைவதற்கும் பதற வேண்டும்.

ஏஓ3 இன்றும் நடக்கிறது. அடுத்த நிதி திரட்டலிலும் கேட்டதைவிட அதிகம் சேரும் என்றே நினைக்கிறேன். அது மூடப்பட வேண்டும் என்று விரும்பி நான் இதை எழுதவில்லை. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் சாதாரண மனிதர்கள் தங்களுக்கென ஒரு பெரும் நூலகத்தைக் கட்டி இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. அப்படிக் கட்டியவர்கள் எத்தனை பேர் இன்று அங்கே இல்லை என்பதும் சின்ன விஷயமில்லை.

நீங்கள் இருக்கும் வாசகர் வட்டத்திலோ, மாணவர் அமைப்பிலோ, இரவுப் பாடசாலையிலோ கடந்த இரண்டு ஆண்டில் விலகியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்களில் பெண்கள் எத்தனை பேர், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர், கூட்டத்தில் சங்கடமான கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு அவர்களில் ஒருவருக்காவது போன் செய்யுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.